கூலி நம்மளது, படகும் நம்மளது

மனுசங்கள்ல பல ரகம் இருக்கு. கோயில் கூட்டத்துல மைக்கு கைக்கு வந்தா திருப்பிக் குடுக்காத ரகம், சாவு வீட்டுல செத்தவரோட வியாதியை டாக்டரைவிடத் தெளிவா விளக்குற ரகம், மத்தவன் காடி ரிவர்ஸ் எடுக்கறப்போ பின்னால நின்னு "வா வா வா"ன்னு கையை ஆட்டி, சுவத்துல மோதவிட்டுட்டு, "நான் நிப்பாட்டத்தான் சொன்னேன்"ங்கிற ரகம். அதெல்லாம் நீங்க பாத்ததுதான், தள்ளிவிடுங்க. நான் சொல்லப்போற ரகம் பாக்க ரொம்ப சாது. குடிச்சிட்டு ரோட்டுல விழாது, நாலு நம்பர் லாட்டரி எடுக்காது, சம்பளத்தை ஒழுங்கா வீட்டுக்குக் கொண்டாந்துடும். ஆனா ஒரு உடைஞ்ச சாமானைக் காட்டுங்க. ரெண்டு கையும் இடுப்புக்குப் போகும், தலை ஒரு பக்கம் சாயும், உதடு பிதுங்கும், அப்புறம் வரும் பாருங்க அந்த வசனம்: "இதுல என்னா இருக்கு? நம்மளே செஞ்சிக்கலாம்லா."

முடிஞ்சது குடும்பம்.

ஈப்போ தண்ணிக்குத் தவுகே, அதான் முளைப்பயிறு, நல்லா கொழுத்து வளருதுன்னு வெளியூருக்காரன் சொல்வான். தவுகே மட்டுமா வளருது? இந்த ரகமும்தான். எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, மட்டும் நாலு பேரு இருக்காங்க. ஒருத்தரு வீட்டு ஏர்கோனை அவரே கழுவினாரு, இப்ப ஹாலுல மழை பெய்யுது. இன்னொருத்தரு கிச்சனுக்கு அவரே மார்பிள் ஒட்டினாரு, தேங்காயை வெச்சா தானா உருண்டு வாசலுக்குப் போவுது. இவங்கள்லாம் சின்ன மீனு. திமிங்கிலம்னு ஒண்ணு உண்டு. அதுதான் எங்க தனேஸ்வரன் அண்ணே.

தனேஸ்வரன் அண்ணே சிமெந்து ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் வேலை. நல்ல மனுசன். ஒருநாள் ஸ்கூல் லீவுல சொந்தக்காரங்களைக் கூட்டிக்கிட்டு லுமுட்டுக் கடலோரத்துக்கு மீன் சாப்பிடப் போனாரு. மத்தவங்கள்லாம் மீனு எடுத்துட்டு வந்தாங்க. இவரு படகு எடுத்துட்டு வந்தாரு.

சும்மா படகு இல்ல, பாய்மரப் படகு. மரத்துல செஞ்சது. ஏதோ ஒரு வெள்ளைக்காரன் வெச்சிருந்துட்டு ஊருக்குப் போறப்போ அங்கேயே விட்டுட்டுப் போனானாம், கரையில கவுந்து கிடந்துச்சாம், அடியில கோழி முட்டை இட்டிருந்துச்சாம். கிடைச்ச விலை ரெண்டாயிரத்து ஐந்நூறு வெள்ளி. அண்ணே இடுப்புல கையை வெச்சாரு, தலையைச் சாய்ச்சாரு.

புஷ்பலதா அக்கா, அதான் அவரு வீட்டுக்காரி, கேட்ட ஒரே கேள்வி, ஈப்போவுல கடல் எந்தப் பக்கம் இருக்குங்கிறதுதான். அண்ணே அதுக்குள்ள படகை அளக்கப் போயிட்டாரு. கடல் பட்ஜெட்டுல வராத விசயம்.

இப்ப அந்தப் பட்ஜெட்டுக்கு வருவோம். கவர்மெண்டு வருசத்துக்கு ஒரு பட்ஜெட் போடுது. இந்த ரகம் காலையில பல்லு விளக்கறப்பவே ஒண்ணு போட்டுடும். பேப்பர் பேனாவெல்லாம் கிடையாது, வாயாலயே போடும், போட்டு முடிச்சதும் "அவ்வளவுதான்"னு ஒரு முத்திரை குத்தும். "படகு ரெண்டரை, மரம் பெயிண்டு ஒரு ஆயிரம், பாய்த் துணி ஒரு ஆயிரம், சில்லறை ஐந்நூறு. அஞ்சாயிரம். அவ்வளவுதான்." கேக்க எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. எனக்கே ஒரு படகு வாங்கலாம்னு தோணுச்சு.

அந்தப் படகை லுமுட்டுல இருந்து கொண்டார லோரியும் கிரேனும் ரெண்டாயிரத்து இருநூறு. நான் கேட்டேன், அண்ணே, இது அஞ்சாயிரத்துல சேருமான்னு. எப்படிச் சேரும்னு என்னையே திருப்பிக் கேட்டாரு. அது படகுச் செலவு இல்லையாம், போக்குவரத்தாம்.

இதுதான் மொத விதி. மனசுல எழுதிக்கிங்க. செலவு வந்தா அதுக்கு வேற பேரு வெக்கணும். பேரு மாறிட்டா கணக்கு மாறிடும்.

ரெண்டாவது விதி, சாமான் விதி. மரத்தைத் தேய்க்கிற மிஷின், துளை போடுற மிஷின், இழைக்கிற மிஷின், காத்து அடிக்கிற மிஷின், ஒவ்வொரு மாசமும் பொட்டலம் பொட்டலமா வந்து இறங்குது. டெலிவரிப் பையனுக்கு இவரு வீட்டு நாயி பேரு தெரியும். இதெல்லாம் படகுக் கணக்கான்னா, இல்ல. மிஷின் படகுக்கா வாங்குறது? வீட்டுக்கு வாங்குறது. காலத்துக்கும் கிடக்கும். புஷ்பா அக்காவுக்கு நாளைக்கே ஒரு கட்டிலை இழைக்கணும்னு தோணுச்சுன்னா? அக்காவுக்கு அப்படி ஒருநாளும் தோணலை. அது வேற விசயம்.

மூணாவது விதிதான் எனக்குப் புடிச்ச விதி. புதுப் படகு என்ன விலை? எண்பதாயிரம். இவருக்கு எவ்வளவு ஆச்சு? அஞ்சாயிரம். அப்ப லாபம் எழுபத்தஞ்சாயிரம். இப்படியே போனா இந்த மனுசன் செலவு பண்ணவே இல்ல, சம்பாரிச்சிக்கிட்டே இருக்காரு. ஒருநாள் நல்லா மூச்சுப் புடிச்சு, அப்ப ரெண்டு படகு வாங்கியிருந்தா லாபம் இன்னும் கூடியிருக்குமேன்னு கேட்டேன். கிண்டல்னு அவருக்குத் தெரியலை. கொஞ்சநேரம் யோசிச்சாரு. எனக்கே பயம் வந்து பேச்சை மாத்திட்டேன்.

கடலோரத்துல படகு செய்யிற ஆசாரி ஒருத்தரு, எல்லாத்தையும் சேத்து ஆறாயிரத்துக்கு முடிச்சுத் தாரேன்னு சொல்லியிருக்காரு. அண்ணனுக்கு வந்த கோவத்தைப் பாக்கணுமே. கொள்ளையாம். பகல் கொள்ளையாம். கூலியை நம்மகிட்ட இருந்து புடுங்குறதுக்குன்னே இவனுங்க பொழைக்கிறானுங்களாம். "கூலி நம்மளது. நம்மளது எப்படிக் கணக்குல வரும்?"

வராது. அங்கதான் நாலாவது விதி. இதை நல்லாக் கேளுங்க, ஏன்னா இது நம்ம ஆளுங்களுக்கு மட்டுமே உள்ள வியாதி.

ரப்பர் தோட்டத்துல இருந்து வந்த நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. கூலிக்கு வந்தவனுக்குக் காசைக் குடுத்தமா, அனுப்புனமா, போச்சு. ஆனா உதவிக்கு வந்தவனை வயித்தைக் காயப்போட்டு அனுப்பக் கூடாது. அது பாவம், அது மானக்கேடு, அடுத்த தீபாவளி வரைக்கும் பேசுவாங்க. தனேஸ்வரன் அண்ணே கூலிக்கு ஆள் வெக்கலை. உதவிக்கு வெச்சாரு. ஞாயித்துக்கிழமை ஆனா போதும், வெல்டிங் வேலை செய்யிற மத்தியாஸ் பூசை முடிஞ்சு நேரா வந்துடுவாரு. அவரு பின்னால சபைல இருந்து ரெண்டு பேரு. ஃபேக்டரியில இருந்து மூணு பேரு. அப்புறம் எதுவும் தெரியாட்டியும் ஆலோசனை சொல்றதுக்கு ஒரு ஆளு வேணுமே, அதுக்கு நானு.

ஆட்டுக்கறி பெரட்டல், கோழி வறுவல், நண்டு ரசம், பீர் ரெண்டு பெட்டி. மத்தியாஸ் ஒரு பலகையைத் தூக்கிப் பாத்துட்டு, "மச்சான், இது உளுத்துப் போச்சு"ம்பாரு. எல்லாரும் ஆமாம்பாங்க. இன்னொரு பலகையைத் தூக்குவாரு. அதுவும் உளுத்துப் போயிருக்கும். அதுக்குள்ள அக்கா எலை போட்டுடுவாங்க. சாப்பிட்டு முடிஞ்சா வெயிலு. வெயிலு தாழ்ந்தா மழை. போறப்போ ஆளுக்கு ஒரு பொட்டலம் தாப்பாவ், வீட்டுல உள்ளவங்களுக்கு. ஆட்டுக்கறி விலை உங்களுக்குத் தெரியும். நான் ஒருநாள் சும்மா மனசுக்குள்ள கூட்டிப் பாத்தேன், அந்த ஆசாரியை வெச்சு ரெண்டு படகு முடிச்சு, மூணாவதுக்கு அட்வான்ஸ் குடுத்திருக்கலாம். சொல்லுவேனா? கறி நல்லா இருந்துச்சு.

கறி எந்தக் கணக்கு? சாப்பாட்டுக் கணக்கு. மனுசன் சாப்பிடாம இருக்க முடியுமா?

ஒரு விசயத்துல மட்டும் அண்ணே உண்மையிலேயே காசு செலவு பண்ணலை. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல சந்து இருக்குமில்ல, அதுல தண்ணி வராம அடைக்கணும். அதுக்குன்னு ஒரு மருந்து இருக்கு, ஒரு டின்னு முந்நூறு வெள்ளி. அண்ணே தோட்டத்துப் பிள்ளையாச்சே. சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் கொஞ்சம் ரப்பர் மரத்துல பால் எடுக்கிற ஒருத்தரைப் புடிச்சு, ரெண்டு வாளி ரப்பர் பாலை ஓசியில வாங்கியாந்து, மரத்தூளைக் கலந்து, சந்துல எல்லாம் அப்பிட்டாரு. உலகத்துல எந்த வெள்ளைக்காரனும் செய்யாத வேலை. ஏன் செய்யலைன்னு மூணாவது நாளு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. அழுகுன ரப்பர் பால் நாத்தம் உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சா மேல சொல்ல வேணாம். தெரியாட்டி சந்தோசமா இருங்க.

அந்த வாரம் புஷ்பா அக்கா என்கிட்ட தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு இங்கேருந்து பஸ் இருக்கான்னு கேட்டாங்க. யாருக்குன்னு நான் கேக்கலை. அவங்களும் சொல்லலை.

இப்படி வருசம் ரெண்டு ஓடிடுச்சு. படகு வீட்டுப் போர்ச்சுல, காடி ரோட்டுல. இந்த நேரம் பாத்துத்தான் அவங்க ஒரே பொண்ணு ஷாமினிக்குச் சம்பந்தம் கூடி வந்துச்சு. கோலா கங்சார் ஃபார்மசியில வேலை செய்யிற பொண்ணு, கெட்டிக்காரி. பையன் தீபன், தைப்பிங்காரன். ரெண்டு பேரும் மூணு வருசமாப் பழக்கம். பெத்தவங்க ஓட்டல்ல உக்காந்து பேசி முடிச்சாச்சு, நிச்சயத்துக்கு நாளும் குறிச்சாச்சு, தை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை.

எங்க வெக்கிறது? புஷ்பா அக்கா சின்ன மண்டபம் ஒண்ணு பாத்து வெச்சிருந்தாங்க. அண்ணே வாடகையைக் கேட்டாரு. கை இடுப்புக்குப் போச்சு. "மண்டபம் எதுக்குலா? நம்ம போர்ச்சுலயே வெச்சிக்கலாம். கெனோப்பிப் பந்தல் போட்டா ஐந்நூறு. அவ்வளவுதான்."

எந்தப் போர்ச்சு?

அக்கா எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க.  ஷாமினிதான் அப்பா முன்னால வந்து நின்னா. "ப்பா, தீபனோட அப்பா யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியாம என்ன, தைப்பிங்ல இருந்து ஈப்போ வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அர்ச்சுனன்னு பேரு. கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. பெரிய மகனுக்குப் பொண்ணு பாக்கப் போன வீட்டுல பாத்ரூம் பைப்பு ஒழுகுச்சாம். அதைப் பாத்துட்டு எந்திரிச்சாராம். அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிஞ்சுதாம். சொட்டுச் சொட்டா ஒழுகுனதுக்கே அப்படின்னா, நாத்தம் புடிச்ச ஒரு முழுப் படகைப் பாத்தா? ஷாமினிக்குத் தூக்கம் போச்சு. மூணு வருசம் பழகியும் வீட்டு வாசல்ல இப்படி ஒண்ணு கிடக்குன்னு அவ தீபன்கிட்ட மூச்சு விடலை. வெக்கம். வீட்டுப் பக்கமே அவனை வரவிடலை.

அப்ப அண்ணே ஒரு வாக்கு குடுத்தாரு. நிச்சயத்துக்கு மொத நாளு சனிக்கிழமை, படகு மத்தியாஸ் பட்டறைக்குப் போயிடும். மத்தியாஸ் அடியில சக்கரம் வெச்சு ஒரு வண்டி அடிச்சுக் குடுத்துட்டாரு. நாங்க எல்லாரும் சேந்து வெளிய தள்ளி லோரியில கட்டி இழுக்க வேண்டியதுதான். கிரேனா? கிரேன் எதுக்கு, கூலி நம்மளது.

அந்தச் சனிக்கிழமை நடந்ததுக்கு அண்ணனைக் குத்தம் சொல்ல முடியாது. புஷ்பா அக்காவைத்தான் சொல்லணும், அதுவும் மனசு வராது. ரெண்டு வருசமா அந்தப் படகு எப்பப் போவும்னு கிடந்த பொம்பள. அன்னிக்குக் காலையில வந்த சந்தோசத்துல, எப்பவும் வேலை முடிஞ்சு போடுற சாப்பாட்டை, அன்னிக்கு மொதல்லயே போட்டுட்டாங்க. போறதே போகுது, வயிறாரச் சாப்பிட்டுட்டுத் தள்ளுங்கன்னாங்க. கறியும் வழக்கத்தைவிட ரெண்டு கிலோ கூட. நெய்ச்சோறு. பாயாசம்.

பாயாசம் குடிச்சவன் படகு தள்ளுவானா?

கயித்தைப் புடிச்சோம். மத்தியாஸ் "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னாரு. மூணுக்கு ஏப்பம்தான் வந்துச்சு. ரெண்டாவது தடவ எப்படியோ நகந்துடுச்சு. போர்ச்சு வெளிய பாத்துச் சரிவு, நகந்ததை நிப்பாட்டணும், நிப்பாட்டுறதுக்கும் தெம்பு இல்ல. வண்டி தானாப் போச்சு, நாங்க கயித்தோட பின்னால போனோம், கேட்டைத் தாண்டுறப்போ வலது சக்கரம் லோங்காங்குல, அதான் வாசல் சாக்கடையில, இறங்கி டக்குன்னு உக்காந்துச்சு. படகு பாதி வீட்டுக்குள்ள, பாதி ரோட்டுல. கேட்டு முழுசும் அடைப்பு. ஒரு பூனை போறதுக்குக்கூட வழி இல்ல.

தூக்கிப் பாத்தோம். அசையலை. இப்ப கிரேன்காரனுக்குப் போன் போட்டாரு அண்ணே, அவன் தம்பி கல்யாணத்துல இருக்கான், திங்கக்கிழமை வாரேங்கிறான்.

பின் சந்து வழியாக் கூப்பிடலாமேன்னு ஒருத்தன் ஆலோசனை சொன்னான். எல்லாரும் அவனைப் பாத்த பார்வையில அவன் பீரைக் கீழ வெச்சுட்டான். சீர்த்தட்டு ஏந்திக்கிட்டு வர்ற சம்பந்தி வீட்டைக் குப்பைத்தொட்டி வழியாக் கொல்லைக் கதவுல நுழைய விடுறதா? அதுக்குப் பதில் சம்பந்தமே வேணாம்னு சொல்லிடலாம்.

ஷாமினி அழுவான்னு நெனச்சேன். அழலை. படகைச் சுத்தி ஒரு நடை நடந்தா. கெனோப்பிக்காரன்கிட்ட மேடைப் படி ரெண்டு செட்டு இருக்கான்னு கேட்டா. ஒண்ணை ரோட்டுப் பக்கம், ஒண்ணை வீட்டுப் பக்கம், படகுல சாத்தி வெக்கச் சொன்னா. பாய்மரத்துக்கு ரெண்டு பக்கமும் வாழை கட்டுனா, மாவிலைத் தோரணம், மல்லிகைச் சரம், நாத்தத்துக்குச் சாம்பிராணி. "யாராச்சும் கேட்டா தீம்னு சொல்லிடுங்க. இப்பெல்லாம் தீம் வெச்சுத்தான் பண்றாங்க."  சொல்லிட்டுப் பூச்சரத்தை இழுத்துக் கட்டுனா.

ஞாயித்துக்கிழமை காலையில தைப்பிங் வேன் வந்து நின்னுச்சு. பதினோரு தட்டு. பொம்பளைங்க பட்டுச்சேலையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் படியேறி, படகு மேல நடந்து, அந்தப் பக்கம் படியிறங்கி வீட்டுக்குள்ள போறாங்க. நாதஸ்வரம் ஸ்பீக்கர்ல ஓடுது. சின்னப் பொண்ணுங்க நடுவுல நின்னு போட்டோ எடுக்குதுங்க. ஒரு கிழவி, காசு உள்ளவங்க வீட்டுல இப்படித்தான் செய்வாங்கன்னு பக்கத்துல உள்ளவங்ககிட்ட சொன்னது என் காதுல விழுந்துச்சு. அட, தப்பிச்சோம்னு நெனச்சேன்.

கடைசியா அர்ச்சுனன் ஏறுனாரு. நடுவுல நின்னுட்டாரு.

வெள்ளை வேட்டி, கையைப் பின்னால கட்டியிருக்காரு. மூக்கை உறிஞ்சாரு. சாம்பிராணியைத் தாண்டி உறிஞ்சாரு. ஸ்பீக்கரை யாரோ அமத்திட்டாங்க. புஷ்பா அக்கா ஆரத்தித் தட்டோட அப்படியே நிக்கிறாங்க. ஷாமினி ஜன்னல் கிட்ட நிக்கிறா, முகத்துல ரத்தம் இல்ல. அர்ச்சுனன் குனிஞ்சு பலகைச் சந்துல விரலை வெச்சுத் தேய்ச்சு, மோந்து பாத்தாரு.

"ரப்பர் பாலா?"

"ஆமாங்க சம்பந்தி," அண்ணே குரலு கிணத்துக்குள்ள இருந்து வந்துச்சு.

"மரத்தூள் கலந்தீங்களா?"

"கலந்தேங்க."

"எவ்வளவு ஆச்சு மொத்தம்?"

"அஞ்சாயிரம்ங்க."

"கூலியோட?"

"கூலி நம்மளதுங்க."

அர்ச்சுனன் நிமுந்தாரு. நான் அந்த முகத்தை எப்படிச் சொல்றது? ரொம்ப வருசம் வெளிநாட்டுல தனியாக் கிடந்தவன் திடீர்னு பஸ்ஸுல ஒருத்தன் தமிழ் பேசுறதைக் கேட்டா ஒரு முகம் வருமே, அது. அண்ணன் தோளைப் புடிச்சாரு. சக்கரம் லோங்காங்குல கிடக்கறதை எட்டிப் பாத்தாரு. ஜேக்கி ஒண்ணு, ரெண்டு கட்டை இருந்தாப் போதும், நம்மளே தூக்கிடலாம்னு சொன்னாரு. வேட்டியை மடிச்சுக் கட்டுனாரு. ரெண்டு பேரும் படகுக்கு அடியில போய்ட்டாங்க. நிச்சயத்துக்கு வந்த ரெண்டு அப்பனுங்களும், அடியில.

உள்ள பொம்பளைங்க பக்கம் பேச்சு ஓடுச்சு. தீபனோட அம்மா, பேரு குமுதா, புஷ்பா அக்கா கையைப் புடிச்சுக்கிட்டு மெதுவா ஒரு கதை சொன்னாங்க. அந்த பாத்ரூம் பைப்பு கதை. அவரு கோவத்துல எந்திரிக்கலையாம். ரிப்பேர் பண்ண எந்திரிச்சாராம். ஒழுகுன பைப்பை இவரு திருகுன திருகுல மெயின் பைப்பே புடுங்கிக்கிட்டு, ஹால் வரைக்கும் தண்ணி வந்து, பொண்ணு வீட்டுக்காரங்கதான் வேணாம்னு சொன்னாங்களாம். இப்ப தைப்பிங் வீட்டுப் பின்பக்கம் ஒரு ரயில் பெட்டி நிக்கிதாம்.

"முழு ரயில் பெட்டியா?" அக்கா இன்னும் கிட்ட நகந்தாங்க.

"பாதி. முழுசு பட்ஜெட்டுல வரலைன்னாரு. தைப்பிங் மழையில அது ஒரு பக்கம் துருப்புடிக்குது, இவரு ஒரு பக்கம் தேய்க்கிறாரு. பதினாறு வருசமா."

ரெண்டு பேரும் கையை விடலை. ஒரே வார்டுல பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்தவங்க மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

இது ஷாமினி காதுல விழுந்துடுச்சு. நல்ல நேரம் முடியறதுக்கு இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. அவ நேரா தீபனைக் கூப்பிட்டா, எல்லார் முன்னாலயும், மாடிப்படி ஓரத்துக்கு. நான் கேக்கணும்னு போகலை, தண்ணி குடிக்கப் போனேன், ஜாடி அங்கதான் இருந்துச்சு.

"ரயில் பெட்டி இருக்குன்னு ஏன் நீ சொல்லவே இல்ல?"

"நீ கப்பல் இருக்குன்னு சொன்னியா?"

ரெண்டு பேரும் கொஞ்சம் சிரிச்சாங்க. அப்புறம் அவ சிரிக்கிறதை நிப்பாட்டிட்டா. அம்மா ரெண்டு வருசமாக் காடியை மழையில ரோட்டுல விட்டுட்டு நனைஞ்சுக்கிட்டே உள்ள வர்றதைப் பாத்த பொண்ணு அவ. "ஒரே ஒரு கேள்வி. உண்மையச் சொல்லு. உனக்கு இது உண்டா?"

தீபன் நெஞ்சு மேல கை வெச்சான். அப்பாவைப் பாத்துப் பாத்தே வெறுத்துப் போச்சாம். வீட்டுல ஒரு பல்பு ஃபியூஸ் போனாக்கூட ஆள் வெச்சுத்தான் மாத்துவானாம். அந்தப் பிள்ளை கண்ணுல பொய் இல்ல, நான் பாத்தேன். ஷாமினி மூச்சு விட்டா. போய் மணையில உக்காந்தா. அப்பனுங்க ரெண்டு பேரும் வேட்டியெல்லாம் கிரீஸோட வந்து தாம்பூலம் மாத்துனாங்க, மோதிரம் போட்டாச்சு, அக்கா அழுதாங்க, மத்தியாஸ் அழுதாரு, எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.

சாப்பாட்டுப் பந்தியில கல்யாணப் பேச்சு வந்துச்சு. மண்டபம் பெருசா ஈப்போவுல ஒண்ணு, அலங்காரம் மட்டும் எட்டாயிரம் கேக்குறான்னு குமுதா அம்மா சொன்னாங்க. தீபன் ரசத்துல சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டு இருந்தவன், கையை நிப்பாட்டுனான். தலை ஒரு பக்கம் சாஞ்சுச்சு.

"எட்டாயிரமா? அந்த மணவறை நாலு பலகையும் கொஞ்சம் துணியும்தானே மா."

 அர்ச்சுனன் மகனைப் பெருமையாப் பாக்குறாரு. அவன் மேல சொல்லிக்கிட்டே போறான், பலகை இங்க வெளியிலயே கிடக்குதாம், மத்தியாஸ் அங்கிள் கூட இருக்காராம், ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிடுமாம். பிள்ளைக்கு அவன் என்ன பேசுறான்னே தெரியலை. ரத்தம் பேசுது.

ஷாமினி அவன் எலைக்கு அப்பளம் வெச்சா. குனிஞ்சு, சாதாரணமா, உப்பு வேணுமான்னு கேக்குற மாதிரிச் சொன்னா:

"மண்டபத்துக்கும் அலங்காரத்துக்கும் டெப்பாசிட் நேத்தே கட்டிட்டேன். திருப்பித் தர மாட்டாங்களாம்."

நேத்துன்னா சனிக்கிழமை. படகு கேட்டுல சிக்கி, ஊரே கத்திக்கிட்டு இருந்த நேரம். அவ படகைச் சுத்தி நடந்தா பாருங்க, போன் கையில இருந்துச்சு. புஷ்பா அக்கா மகளைப் பாத்தாங்க. ரெண்டு வருசத்துல மொத தடவையா அந்த அம்மா வாய்விட்டுச் சிரிச்சதை அன்னிக்குத்தான் பாத்தேன்.

கதை உங்களுக்கு நல்லா இருந்திருக்கும். நீங்க சிரிச்சிருப்பீங்க, பாவம் அந்தக் குடும்பம்னு சொல்லியிருப்பீங்க. ஆனா உங்ககிட்ட ஒரு விசயம் கேக்கணும், கோவிச்சுக்காதீங்க. அலங்காரம் எட்டாயிரம்னு நான் சொன்னப்போ உங்க மனசுக்குள்ள என்ன ஓடுச்சு? எட்டாயிரம் கூடத்தான், பூவை மொத்தமா மார்க்கெட்டுல எடுத்தா பாதிக்கு முடிக்கலாம்னு ஓடுச்சா இல்லையா? நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

இல்லேங்கிறீங்களா? சரிங்க, நம்புறேன். அப்ப உங்க வீட்டுப் பின்பக்கம் நீலக் கான்வஸ் போட்டு, நாலு மூலையிலயும் செங்கல்லு வெச்சு மூடி வெச்சிருக்கீங்களே, அது என்னாதுங்க?